மாதம் 18,000 ரூபாய்க்கு வாங்கியும் குப்பைக்குப் போகும் காய்கறி: பணம் எங்கே கசிகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கு வசதியாக இருக்கும். கேட்டவர் மதுரைக்காரர். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பள்ளிக்கூடம் போகும் மகன், கூடவே மாமியார். பலசரக்கு, காய்கறி, பால் எல்லாம் சேர்த்து மாதம் 18,000 ரூபாயைத் தாண்டுகிறது. மாதம் பிறந்ததும் பெரிய கடையில் மொத்தச் சாமான், ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கான காய்கறி, விட்டுப்போனதெல்லாம் இடையில் ஃபோனில் ஆர்டர். அப்படியும் சனிக்கிழமை ஃப்ரிட்ஜைத் துடைத்தால் ஒரு பை அழுகல் வெளியே போகிறது. எங்கே வாங்கினால் மலிவு, பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கினால் சரியாகுமா என்பது அவர் கேள்வி.

நான் கீழமாசி வீதியில் பலசரக்குக் கடையில் கணக்கெழுதியவன். இப்போது வீட்டுக்கு வாங்கிப் போடுவதும் பாதிச் சமையலும் என் பொறுப்பு. என்னைக் கேட்டால், நீங்கள் வாங்கும் கடையில் பெரிய கோளாறு இல்லை. வாங்கும் இடைவெளியில்தான் கோளாறு. புளி ஒரு வருஷம் இருக்கும், பருப்பு இரண்டு மாதம் தாங்கும், சேனை ஒரு வாரத்துக்கு மேல் கிடக்கும், கீரை மறுநாளே வதங்கிவிடும். இத்தனையையும் மாதம் ஒருமுறை, வாரம் ஒருமுறை என்று ஒரே கணக்கில் வாங்கினால் பாதிச் சாமானை விலை ஏறின நேரத்தில் வாங்குவீர்கள், மீதி கெட்டுப்போகும்.

அதற்கு முன்னால் பணம் எதில் போகிறது என்று பார்த்துவிடுவோம். மத்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களில் செலவாகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சாப்பாட்டுக்குப் போவது சுமார் 39 ரூபாய். அதில் காய்கறிக்கு 3 ரூபாய் 80 காசுதான். அரிசி, கோதுமைக்கு அதையும்விடக் குறைவு. பால் வகைக்கு 7 ரூபாய் சொச்சம். பானங்கள், நொறுக்குத்தீனி, பாக்கெட் உணவு, வெளியே வாங்கிச் சாப்பிடுவது இவை சேர்ந்த பங்குதான் பெரியது: 10 ரூபாய் 64 காசு. காய்கறிக்கார அம்மாவிடம் இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்டிவிட்டு, பில் போடும் இடத்தில் அடுக்கியிருக்கும் சிப்ஸ் பாக்கெட்டை விலை பார்க்காமல் கூடையில் போடுகிறோம்.

ஆகவே ஒரு மாதப் பில்களை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். சமைக்கிற சாமான் ஒன்று, பிரித்து அப்படியே தின்கிற பாக்கெட் ஒன்று, சோப்பு ஷாம்பு துணித்தூள் ஒன்று. மூன்றாவது வகை சாப்பாடே கிடையாது, ஆனாலும் 'மளிகைச் செலவு' என்ற பெயரில் ஒளிந்திருக்கும். பல வீடுகளில் இந்தப் பிரிப்பைச் செய்து பார்த்தாலே எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இப்போது வருஷச் சாமான். புளி, மிளகாய் வத்தல், மல்லி மூன்றையும் மாதாமாதம் கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட்டாக வாங்குவதுதான் இருப்பதிலேயே நஷ்டமான வழி. மாசி, பங்குனி, சித்திரையில் புதுப்புளி வந்துவிடும். ராமநாதபுரம் முண்டு வத்தலும் அந்தச் சமயத்தில்தான் வரத்து. வெயிலும் அப்போது நன்றாக அடிக்கும், காயப்போட வசதி. உங்கள் வீட்டில் மாதம் அரைக் கிலோ புளி செலவானால் வருஷத்துக்கு ஆறு கிலோ, அவ்வளவுதான் கணக்கு. புளி வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். தோடு நீக்கிய புளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டைதான். கொட்டைப்புளி கிலோ 100 ரூபாய் என்றால் கரைக்கிற புளி கிலோ 150 ரூபாய்க்கு மேல் விழுகிறது. பக்கத்திலேயே கொட்டை எடுத்தது 150-க்குக் கிடைத்தால் அதை வாங்குங்கள், உட்கார்ந்து தட்டுகிற வேலையும் மிச்சம். இரண்டு மூன்று வெயில் காட்டி, இடையிடையே கல்லுப்பு தூவி, பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ அடைத்தால் அடுத்த மாசிவரை அசையாது. இரும்பும் அலுமினியமும் வேண்டாம், புளி அரித்துவிடும். வத்தலை முழுதாகவே வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் மில்லில் திரித்து வாங்குங்கள். திரித்த தூள் நாள்பட நாள்பட மணம் போய்விடும், மணம் போனால் ஒரு கரண்டி போடும் இடத்தில் ஒன்றரைக் கரண்டி போடுவோம். மொட்டைமாடி இல்லாத அடுக்குமாடி வீடு என்றால் வருஷக் கணக்கு வேண்டாம், மூன்று மாதச் சாமானோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சரியாகக் காயாத வத்தல் பூசணம் பிடித்தால் மொத்தமும் போச்சு.

மாதச் சாமானில் பருப்பு, எண்ணெய், அரிசி, சர்க்கரை. கடையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், முதலில் வந்த மூட்டை முதலில் போக வேண்டும் என்பது. வீட்டில் நேர்மாறாக நடக்கிறது: டப்பாவில் கால்வாசிப் பருப்பு இருக்கும்போதே புதுப் பாக்கெட்டை அதன் தலையில் கொட்டுகிறோம். அடியில் கிடக்கும் பழையதில் வண்டு வரும், பிறகு புதுசுக்கும் ஏறும். பழையது தீர்ந்து, டப்பாவைத் துடைத்து, காயவைத்த பிறகே அடுத்ததைப் பிரியுங்கள். ரவை, கடலைமாவு மாதிரி சாமான்களைச் சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். ரவையை வாங்கியதும் வெறும் சட்டியில் சூடேற வறுத்து ஆறவைத்துவிட்டால் மழைக்காலத்திலும் தாங்கும்.

எண்ணெய்ப் பாக்கெட்டில் அளவைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ எடையில் சுமார் 910 கிராம்தான். ஒரு லிட்டர் மாதிரியே தோற்றத்தில் 850 மில்லி, 800 கிராம் என்றெல்லாம் பாக்கெட் வருகிறது. லிட்டர் 150 ரூபாய், பக்கத்தில் 142 ரூபாய்க்கு ஒன்று. இரண்டாவது 850 மில்லி என்றால் அது லிட்டருக்கு 167 ரூபாய். இந்தக் கணக்கை மனசில் போடவும் வேண்டாம், உறையிலேயே 'யூனிட் சேல் பிரைஸ்' என்று கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மட்டும் ஒப்பிடுங்கள். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' வகையறாவில், மூன்றும் கெடு தேதிக்குள் தீருமா என்பதே கேள்வி. துணித்தூளுக்குத் தீரும், கெட்ச்சப்புக்குத் தீராது.

அரிசி அட்டை இருந்தும் ரேஷன் பக்கம் போகாத நடுத்தரக் குடும்பங்கள் நிறைய. அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளிக்கடைப் பருப்பு விலையோடு ஒப்பிட்டால் அந்த ஒரு கிலோவிலேயே வித்தியாசம் தெரியும். ரேஷன் புழுங்கலரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் தோசைக்கு ஊறப்போடுங்கள். மாமியாருக்குப் பகலில் நேரம் இருக்கும், கடைக்குச் சரக்கு வந்த அன்று போய் வாங்கிவரச் சொல்லலாம். அவர் விருப்பத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள், வரிசையில் நிற்பது எல்லாருக்கும் பிடிக்காது.

இனி காய்கறி. உங்கள் வீட்டில் அழுகுவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மதுரையில் இருந்துகொண்டு எங்கே மலிவு என்று கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் நம் அண்ணா நகரில்தான் திறந்தது. சொக்கிகுளத்திலும் ஒன்று இருக்கிறது. விலையை வாசலில் பலகையில் எழுதிப் போடுவார்கள், பேரம் பேசத் தேவையில்லை. விடிகாலையில் போனால் நல்ல காய், நேரம் ஏற ஏற விலை இறங்கும். கொண்டுவந்த சுமையைத் திரும்பத் தூக்கிப்போக எந்த விவசாயிக்கும் மனசு வராது. ஆனால் அந்த நேரத்து மலிவு, அன்றைக்கும் மறுநாளைக்கும் சமைக்கிறவர்களுக்கு மட்டுமே மலிவு. தக்காளி மூன்று கிலோ 50 ரூபாய் என்று கூவுகிறார்கள். அள்ளிக்கொண்டு வந்து ஒரு கிலோ அழுகினால், நீங்கள் தின்ற தக்காளி கிலோ 25 ரூபாய். தெருமுனைக் கடையில் அதே 25-க்கு நல்லதாகப் பொறுக்கி எடுத்திருக்கலாம், தூக்கிக்கொண்டு அலைந்ததும் மிச்சம்.

வாரம் ஒருமுறை வாங்குவதை இரண்டாக உடையுங்கள். ஞாயிறு ஒன்று, புதன் ஒன்று. புதன்கிழமை வாங்குவது வேலை விட்டு வரும் வழியில் இரண்டு மூன்று காயாக இருந்தால் போதும். மொத்தம் வாங்கும் அளவு அதேதான் என்று நினைப்பீர்கள், நடைமுறையில் குறையும். ஏனென்றால் புதன்கிழமை கடைக்குப் போகும்போது ஃப்ரிட்ஜில் என்ன மிச்சம் என்று தெரிந்தே போவீர்கள்.

அடுத்தது சமைக்கும் வரிசை. பெரும்பாலான வீடுகளில் திங்கள், செவ்வாயில் உருளைக்கிழங்கு, கேரட் பொரியல் ஆகிவிடும். பிள்ளைக்குப் பிடிக்கும், நறுக்கவும் சுலபம். கீரை "நாளைக்கு ஆயலாம்" என்று வியாழன்வரை கிடந்து மஞ்சளாகிவிடும். இதை அப்படியே திருப்புங்கள். வாங்கிய அன்றோ மறுநாளோ கீரை, காளான், முளைகட்டியது. அடுத்த இரண்டு நாளில் வெண்டை, பாகல், புடலை, பீர்க்கு. அதற்குப் பிறகு கத்தரி, அவரை, முள்ளங்கி. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், சேனை, பூசணி, உருளை எல்லாம் வாரக் கடைசிக்கு. அவை எங்கும் ஓடிவிடாது. இந்த வரிசை ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே உங்கள் சனிக்கிழமைப் பை பாதியாகிவிடும் என்பது என் கணிப்பு.

வைக்கும் விதத்திலும் சில நுணுக்கங்கள். மல்லித்தழையை வாங்கி வந்த பிளாஸ்டிக் பையோடு ஃப்ரிட்ஜில் திணித்தால் மூன்றாம் நாள் கறுத்த கூழாகும். கழுவாதீர்கள். கட்டை அவிழ்த்து, அழுகின இலை ஒன்றிரண்டு இருந்தால் கிள்ளி எறிந்து, வேரை நறுக்கிவிட்டு, ஒரு பழைய நாளிதழை விரித்து ஈரம் உலரும்வரை மின்விசிறிக்கடியில் போடுங்கள். பிறகு பருத்தித் துணியில் தளரச் சுற்றி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். துணி ஈரமானால் மாற்றுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் பச்சையாகவே இருக்கும். வெட்டின தண்டை எறியாதீர்கள், ரசத்தின் மணமே அதில்தான். கொசுறாக வரும் கறிவேப்பிலையையும் இப்படியே வைக்கலாம். மிஞ்சினால் நிழலில் உலர்த்திப் பொடிக்குச் சேர்த்துவிடலாம்.

வெண்டைக்காயும் கத்தரிக்காயும் கடுங்குளிர் தாங்காதவை. ஃப்ரிட்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் புள்ளி விழும், விதை கறுக்கும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், துணிப்பையில், ஈரமில்லாமல் வைத்து சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போட வேண்டாம், இரண்டுக்கும் காற்றோட்டம் வேண்டும், உருளைக்கு இருட்டும் வேண்டும். வாழைப்பழத்தை மற்ற காய்கறியோடு வைக்காதீர்கள். பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பக்கத்தில் இருக்கும் கீரையையும் மஞ்சளாக்கிவிடும். தேங்காய் உடைத்தால் கண் இருக்கும் மூடியை முதலில் துருவுங்கள், அதுதான் சீக்கிரம் கெடும். இரண்டு மூன்று தேங்காயை ஒரே நாளில் துருவி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக ஃப்ரீஸரில் போட்டுவிட்டால் காலையில் சட்னி வேலையும் சுலபம்.

தக்காளி, வெங்காயம் விலை ஏறுகிற காலத்தில் சமையலை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறியபோது அரசே பண்ணைப் பசுமைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது. அந்த மாதிரிச் சமயத்தில் தக்காளிச் சட்னியை விட்டுவிட்டு, புளி ரசம், எலுமிச்சை ரசம், மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு என்று போங்கள். நம் சமையலில் புளிப்புக்கு வழியா இல்லை? விலை இறங்கியிருக்கும் மாதத்தில் இரண்டு கிலோவைத் தொக்காகக் கிண்டி வைப்பதும் நல்லதுதான், எண்ணெய் மேலே மிதக்கும் அளவுக்குச் சுண்டவிட்டால்.

குப்பைக்குப் போவதில் பாதி, குப்பையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பீர்க்கங்காய்த் தோலை உளுந்து, வத்தலோடு வதக்கினால் துவையல். சௌசௌ தோலும் அப்படியே. முள்ளங்கி இலை பருப்போடு கூட்டாகும். பீட்ரூட் தழை பொரியலாகும். காலிஃபிளவர் தண்டைத் தோல் சீவிச் சாம்பாரில் போடலாம். தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் பூசணிக்காய்க் கூட்டு மாதிரியே கூட்டு வரும். சொல்லாவிட்டால் மகனுக்குத் தெரியாது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. தோல், எலும்பு எல்லாம் சேர்த்த கணக்குதான் அது. இருந்தாலும் நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு வாரம் நாலு கிலோவுக்கு மேல் வருகிறதே.

மாவு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு அரைத்தால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். உங்கள் தெருவில் அரிசியும் உளுந்தும் என்ன விலை, பாக்கெட் மாவு கிலோ என்ன விலை என்று வைத்துப் பாருங்கள். மின்சாரமும் சேர்த்தாலும் வீட்டு மாவு பாதி விலைக்குள் அடங்கும். இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், அரைக்க நேரமில்லை என்றால் பாக்கெட்டே வாங்குங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் எதுவானாலும் அதற்கும் ஒரு வரிசை உண்டு: முதல் நாள் இட்லி, அடுத்த இரண்டு நாள் தோசை, புளித்ததும் வெங்காயம் பச்சைமிளகாய் போட்டு ஊத்தப்பம் அல்லது பணியாரம், கடைசிக் கரண்டிகளில் ரவையும் கொஞ்சம் அரிசிமாவும் கலந்து மெலிசாகக் கரைத்த தோசை.

மிச்சச் சோற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வடித்த சோறு மணிக்கணக்கில் வெளியே வெதுவெதுப்பாகக் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி நஞ்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே மதியச் சோறு மிஞ்சும் என்று தெரிந்தால் ஆறினதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், மறுநாள் எலுமிச்சைச் சோறோ தயிர்ச் சோறோ ஆகிவிடும். பழைய சோறு வேண்டுமானால் இரவுச் சோறு ஆறிய கையோடு தண்ணீர் ஊற்றி, விடிந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். பூசணம் பிடித்த நிலக்கடலை, தேங்காய், பருப்பை "பொறுக்கிப் போட்டுக்கலாம்" என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அதில் வரும் அஃப்ளடாக்ஸின் கல்லீரலைக் கெடுக்கும், கழுவினாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கும் குப்பைக்குத்தான். பாக்கெட்டில் 'பெஸ்ட் பிஃபோர்' என்றிருந்தால் அது ருசிக்கும் தரத்துக்குமான தேதி. 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' என்றிருந்தால் அதைத் தாண்டித் தொடாதீர்கள். இந்த இடங்களில் மிச்சம் பிடித்தால் ஆஸ்பத்திரியில் கொட்ட வேண்டிவரும்.

ஃபோன் ஆர்டரை முழுதாக விடச் சொல்லமாட்டேன், வேலைக்குப் போகும் வீட்டில் அது நடக்காது. ஆனால் அதன் செலவு பொருளின் விலையில் இல்லை. ஒரு கட்டு மல்லிக்காகத் திறப்பீர்கள். டெலிவரி கட்டணம் விழாமலிருக்க இன்னும் இவ்வளவுக்கு வாங்குங்கள் என்று காட்டும். ஐஸ்கிரீமும் பிஸ்கட்டும் ஏறிக்கொள்ளும். அடுப்படிச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, தீர்ந்ததைத் தீர்ந்த கணமே யார் வேண்டுமானாலும் எழுதட்டும். அந்தத் தாளில் நாலைந்து சாமான் சேர்ந்த பிறகு ஆர்டர் போடுங்கள், தாளில் இல்லாததைப் போடாதீர்கள். பால் தினசரி ஃபோனில் வாங்குகிறீர்கள் என்றால் ஆவின் மாதாந்திர அட்டையை விசாரியுங்கள், சில்லறை விலையைவிட அட்டைக்கு விலை குறைவு.

கடைசியாக ஃப்ரிட்ஜ். வாங்காதீர்கள். இடம் பெரிதானால் பின்வரிசை ஆழமாகும், அங்கே போனது கண்ணில் படாது. மின் கட்டணமும் கூடும். நம் வீட்டு மின் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது இருக்கும் ஃப்ரிட்ஜில் கண் மட்டத்தில் இருக்கும் தட்டைக் காலி செய்து, அரை வெங்காயம், மிச்சக் குழம்பு, பாதி நறுக்கிய காய் எல்லாவற்றையும் ஒரு தட்டத்தில் அங்கே மட்டும் வையுங்கள். சமைக்க ஆரம்பிக்குமுன் முதலில் அந்தத் தட்டத்தை எடுக்க வேண்டும் என்பதை மாமியாரும் நீங்களும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கதவின் ரப்பரையும் சோதியுங்கள்: பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. குளிர் வெளியே போவதால்கூடக் காய் சீக்கிரம் கெட்டிருக்கலாம். ரப்பரை மட்டும் மாற்றித் தருவார்கள், புது ஃப்ரிட்ஜ் விலையில் அது சிறு பங்குகூட வராது.